கணக்கு கேக்குறது வேற, கழுத்தப் புடிக்கிறது வேற: யுனிவர்சிட்டி காச கவர்மென்ட் நிறுத்துறது பத்தி அடிக்கடி கேக்குற கேள்விகள்

நான் தர்மபுரி பக்கம் ஒரு காலேஜ்ல கெமிஸ்ட்ரி எடுக்குறேன், கௌரவ விரிவுரையாளரா. சாயங்காலத்துல வெளிநாட்டுக்கு மாஸ்டர்ஸ், பிஎச்டி அப்ளை பண்ற பசங்களுக்கு ஃபார்ம், எஸ்ஓபி (ஏன் இந்தப் படிப்புக்கு வர்றேன்னு எழுதிக் குடுக்குற கட்டுரை) எல்லாம் பாத்துக் குடுப்பேன். 2025 மார்ச்ல இருந்து அந்தப் பசங்களும் அவங்க அப்பா அம்மாவும் கேக்குறது எல்லாம் அமெரிக்க கவர்மென்ட் யுனிவர்சிட்டிங்களுக்கு குடுக்குற காச நிறுத்துறத சுத்தித்தான். போன்ல ஒவ்வொருத்தருக்கா சொல்றதுக்கு மொத்தமா எழுதி வச்சிடலாம்னு இத எழுதுறேன்.

சார், ஹார்வர்டையே மூடப் போறாங்கன்னு சொன்னாங்களே, மூடிட்டாங்களா?

மூடலீங்க, கிளாஸ் நடந்துட்டுத்தான் இருக்கு. நடந்தது என்னன்னா, 2023 அக்டோபருக்கு அப்புறம் காசா போர எதிர்த்து அமெரிக்க காலேஜ்கள்ல பெரிய போராட்டம், 2024ல கொலம்பியா யுனிவர்சிட்டில புல்வெளில கூடாரம் போட்டே உக்காந்தாங்க. அந்த நேரத்துல யூத மாணவர்களுக்கு சரியா பாதுகாப்பு குடுக்கலன்னு புகார் வந்துச்சு. ட்ரம்ப் ரெண்டாவது தடவ பதவிக்கு வந்ததும் அதையே காரணமா சொல்லி 2025 மார்ச் 7 அன்னிக்கு கொலம்பியாவோட 40 கோடி டாலர் கிராண்ட், கான்ட்ராக்ட்டை ரத்து பண்ணாங்க. மார்ச் கடைசில ஹார்வர்ட் பக்கம் திரும்புனாங்க, அங்க சுமார் 900 கோடி டாலர் கிராண்ட், கான்ட்ராக்ட்ட மறுபரிசீலனை பண்றோம்னாங்க. ஏப்ரல் 11 ஒரு லெட்டர் போச்சு, யார வேலைக்கு எடுக்கணும், எந்த மாணவர சேக்கணும், எந்த டிபார்ட்மென்ட்ட வெளிய இருந்து ஆள் வந்து ஆடிட் பண்ணணும்னு வரைக்கும் அதுல நிபந்தனை. ஏப்ரல் 14 ஹார்வர்ட் தலைவர் ஆலன் கார்பர் முடியாதுன்னு எழுதுனாரு, அன்னிக்கே 220 கோடி டாலர் கிராண்ட்ட முடக்கிட்டாங்க.

மே 22 வெளிநாட்டு மாணவர்கள சேக்குற அனுமதியையே ரத்து பண்ணாங்க. ஹார்வர்ட் மறுநாளே கோர்ட்டுக்குப் போய் அன்னிக்கே தடை வாங்கிருச்சு. ஆனா அந்த ஒரு நாள் இங்க போன் ஓயவே இல்ல. காவேரிப்பட்டணத்துல மாங்கா மண்டி வச்சிருக்கிற ஒருத்தர், சீசன் நேரம், பின்னாடி லாரில கிரேட் ஏத்துற சத்தம், "சார், பாப்பாவ திருப்பி அனுப்பிருவாங்களா"ன்னு கேட்டுட்டே இருந்தாரு. பாப்பா படிக்கிறது ஹார்வர்டே இல்ல, பாஸ்டன் பக்கத்துல வேற காலேஜ். அதச் சொன்னப்புறமும் அவருக்கு மனசு அடங்கல, இன்னிக்கு அந்த காலேஜ்னா நாளைக்கு இந்த காலேஜ் இல்லையா சார்னு கேட்டாரு. நியாயமான கேள்விதான்.

பீஸ் அவ்ளோ வாங்குறாங்களே, அப்புறம் கவர்மென்ட் காசு எதுக்கு?

பீஸ் படிப்பு நடத்துறதுக்கு. ஆராய்ச்சிக்கு வர்ற காசு தனி. கேன்சர், எலி மேல பண்ற சோதனை, பேட்டரி, விதை, இதெல்லாம் அமெரிக்காவுல பெரும்பாலும் மத்திய அரசு கிராண்ட்லதான் ஓடுது. 2024 நிதியாண்டுல ஹார்வர்டுக்கு அப்படி வந்தது 68.6 கோடி டாலர். பிஎச்டி பசங்கள்ல நிறைய பேருக்கு ஸ்டைபெண்டும் (மாச உதவித்தொகை) இந்த மாதிரி காசுலதான் வரும், ரிசர்ச் அசிஸ்டென்ட்னு சொல்றது அதத்தான்.

இதுல ஓவர்ஹெட்னு ஒண்ணு இருக்கு, அத எல்லாரும் தப்பா புரிஞ்சிக்கிறாங்க. கல்யாணத்துக்கு சமையல்காரர் கூலிய மட்டும் குடுத்துட்டா சாப்பாடு வந்துருமா, கேஸ், பாத்திரம், தண்ணி லாரி, மண்டப வாடக எல்லாம் வேணும்ல. லேபுக்கும் அப்படித்தான், கரண்ட், ஏசி, கெமிக்கல் கழிவு எடுக்குற செலவு, கணக்கு எழுதுற ஆள் சம்பளம். அமெரிக்காவுல மருத்துவ ஆராய்ச்சிக்கு காசு குடுக்குற என்ஐஎச், 2025 பிப்ரவரி 7 அன்னிக்கு இந்த ஓவர்ஹெட் எல்லாருக்கும் 15 சதவீதம்தான்னு அறிவிச்சிருச்சு. பல இடத்துல 50, 60 சதவீதம் வாங்கிட்டு இருந்தாங்க. கோர்ட் தடுத்துருச்சு, இல்லன்னா சின்ன ஊர் யுனிவர்சிட்டிங்கதான் முதல்ல விழுந்திருக்கும்.

ஹார்வர்ட் கைல 5,300 கோடி டாலர் இருக்காமே, அத எடுத்து செலவு பண்ண வேண்டியதுதானே?

கோயிலுக்கு மானியம் எழுதி வச்ச கதைதான் இது. ஒருத்தர் ரெண்டு ஏக்கர் எழுதி வச்சு இதுல வர்ற வருமானத்துல தெனமும் சாயரட்சைக்கு விளக்கு போடணும்னு சொல்லிட்டுப் போயிருப்பாரு, கும்பாபிஷேகத்துக்கு காசு பத்தலன்னு அந்த நிலத்த வித்துட முடியாது. ஹார்வர்ட் என்டோவ்மென்ட்ல, அதாவது நன்கொடையா வந்து சேத்து வச்சிருக்கிற நிதில, பெரும்பகுதி அந்த மாதிரி கட்டுப்பட்ட காசு. வருஷத்துக்கு வர்ற வருமானத்துல ஒரு பங்கத்தான் எடுக்க முடியும். ஆனாலும் அந்தப் பணம் இருந்ததாலதான் எதிர்த்து நிக்க முடிஞ்சுது. மே மாசம் சொந்தக் காசுல 25 கோடி டாலர ஆராய்ச்சிக்கு ஒதுக்குனாங்க, கார்பர் தன் சம்பளத்துல 25 சதவீதத்த விட்டுக்குடுத்தாரு. அதே வருஷம் ஜூலைல வந்த சட்டத்துல இந்த மாதிரி பெரிய என்டோவ்மென்ட் வருமானத்து மேல வரிய 1.4ல இருந்து 8 சதவீதம் வரைக்கும் ஏத்திட்டாங்க, அதுவும் ஒரு அடிதான்.

காசு குடுக்குறவன் கணக்கு கேக்கக் கூடாதா சார்? நம்ம வரிப்பணம் தானே?

கேக்கணும், கண்டிப்பா கேக்கணும். இந்தக் கேள்விய கேக்குற அப்பாக்கள் மேல எனக்கு மரியாதை உண்டு. சொசைட்டில கடன் வாங்குனா கூட எதுக்கு வாங்குன, உரம் வாங்குனியா, பில் எங்கன்னு கேப்பாங்க. யுனிவர்சிட்டி மட்டும் என்ன ஒசத்தி. கிராண்ட் காசு எங்க போச்சு, ஆராய்ச்சி நடந்துச்சா, மாணவர்கள சாதி பாத்து, மதம் பாத்து ஒதுக்குறாங்களான்னு அரசாங்கம் பாக்குறது அதோட வேலை. யூத மாணவர்கள் பயந்து போயிருந்தாங்கங்கறதும் பொய் இல்ல, ஹார்வர்ட் தானே ஒரு குழு போட்டு 2025 ஏப்ரல் கடைசில விட்ட அறிக்கைலயே அத ஒத்துக்கிச்சு.

ஆனா கணக்கு கேக்குறதுக்கு ஒரு முறை இருக்கு. அமெரிக்காவுல 1964 சிவில் உரிமைச் சட்டத்துல ஆறாவது பிரிவுன்னு ஒண்ணு, பாகுபாடு காட்டுற நிறுவனத்துக்கு காச நிறுத்தலாம்னு அதுவே சொல்லுது. எப்படி நிறுத்தணும்னும் சொல்லுது. முதல்ல நோட்டீஸ் குடுக்கணும், தானா திருத்திக்க வாய்ப்பு குடுக்கணும், விசாரணை வச்சு தப்பு இதுதான்னு பதிவு பண்ணணும், பார்லிமென்ட் கமிட்டிக்கு ரிப்போர்ட் அனுப்பி 30 நாள் பொறுக்கணும், அதுக்கப்புறமும் எந்த புரோகிராம்ல தப்பு நடந்துச்சோ அதுக்கு மட்டும்தான் நிறுத்தணும். பஸ் ஸ்டாண்ட் ஓரத்துல டீக்கடைய காலி பண்ணக் கூட நோட்டீஸ் ஒட்டுறாங்கல்ல. இங்க அந்தப் படி எதையும் ஏறாம, புல்வெளில நடந்த போராட்டத்துக்கு தண்டனையா காசநோய் ஆராய்ச்சி பண்றவங்க காசயும் நிறுத்துனாங்க. 2025 செப்டம்பர் 3 தீர்ப்புல நீதிபதி அலிசன் பரோஸ் இதத்தான் சொன்னாங்க, ஹார்வர்ட்ல யூத வெறுப்பு இருந்தது உண்மை, இன்னும் நல்லா கையாண்டிருக்கணும், ஆனா நிறுத்துன ஆராய்ச்சிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல, இது பேச்சுரிமைக்கு எதிரானதுன்னு. கவர்மென்ட் அப்புறம் அப்பீல் போச்சு.

கணக்கு கேக்குறது வேற, கழுத்தப் புடிக்கிறது வேறன்னு நான் பசங்ககிட்ட சொல்றது இதத்தான். ரெண்டையும் பிரிச்சுப் பாக்கணும்னா லெட்டர்ல என்ன கேட்டிருக்காங்கன்னு படிங்க. பில்ல கேட்டா கணக்கு. யாரு பாடம் நடத்தணும், என்ன பாடம் நடத்தணும்னு கேட்டா அது வேற.

கொலம்பியா பணிஞ்சுது, ஹார்வர்ட் எதிர்த்துச்சு, எது சரி?

இதுல எனக்கு ஒரு தீர்மானமான எண்ணம் இருக்கு, ஆனா முதல்ல நடந்தத சொல்லிடுறேன். கொலம்பியா ரெண்டே வாரத்துல, மார்ச் 21 அன்னிக்கு, கேட்டதுல நிறைய ஒத்துக்கிச்சு. போராட்டத்துல முகத்த மூடத் தடை, கைது பண்ற அதிகாரத்தோட 36 காவலர்கள், மத்திய கிழக்கு பத்தின டிபார்ட்மென்ட் மேல பார்வையிட ஒரு புது அதிகாரி. ஒத்துக்கிட்ட உடனே காசு வந்துச்சான்னா வரல. இடைக்காலத் தலைவரா இருந்த கத்ரீனா ஆம்ஸ்ட்ராங் ஒரு வாரத்துல பதவி விலகுனாங்க. ஜூலை 23ல ஒப்பந்தம் போட்டாங்க, மூணு வருஷத்துல 20 கோடி டாலர் கவர்மென்ட்டுக்கு கட்டணும், அது போக ஊழியர்கள் புகாருக்கு 2.1 கோடி, மேல ஒரு கண்காணிப்பாளர். அப்புறம்தான் பெரும்பாலான கிராண்ட் திரும்புச்சு.

அதுக்கப்புறம் வரிசையா பேரம். பிரவுன் யுனிவர்சிட்டி கவர்மென்ட்டுக்கு பைசா கட்டாம, தன்னோட மாநிலத்துல தொழில் பயிற்சி குடுக்குற அமைப்புகளுக்கு பத்து வருஷத்துல 5 கோடி டாலர்னு முடிச்சுது. கார்னெல் கவர்மென்ட்டுக்கு 3 கோடி, விவசாய ஆராய்ச்சிக்கு 3 கோடி. நார்த்வெஸ்டர்ன் 7.5 கோடி. ஒருத்தர் ஒத்துக்கிட்ட விலை அடுத்தவருக்கு ஆரம்ப விலையா ஆயிடுது, மண்டில ஏலம் விடுறப்போ முதல் ஆளு சொன்ன ரேட்டு மாதிரி. கொலம்பியா 20 கோடிக்கு ஒத்துக்கிட்டதும் யுசிஎல்ஏ (லாஸ் ஏஞ்சல்ஸ்ல இருக்குற கலிபோர்னியா யுனிவர்சிட்டி) கிட்ட 100 கோடி டாலர் கேட்டாங்க.

பணிஞ்சவங்கள கோழைன்னு நான் சொல்ல மாட்டேன். நானும் மாசச் சம்பளம் லேட்டானா மளிகைக்கடைல கடன் சொல்ற ஆளு, ஒரு தடவ மூணு மாசச் சம்பளம் நிலுவைல நின்னு மொத்தமா வந்தது, அந்த மூணு மாசமும் ஸ்டாஃப் ரூம்ல நாங்க யாரும் வாயத் தொறக்கல. ஆயிரம் பேரோட ஸ்டைபெண்ட் தலைவர் கையெழுத்துல நிக்கிறப்போ அவருக்கு தூக்கம் வருமா? ஆனா என்னோட எண்ணம் இதுதான், பணத்த பேரம் பேசலாம், பாடத்த பேரம் பேசக் கூடாது. பிரவுன் பண்ண மாதிரி காசு விஷயத்துல வளைஞ்சு குடுத்துட்டு, என்ன சொல்லித்தரணும்ங்கறத கைல வச்சுக்கிட்டா பொழச்சுக்கலாம். டிபார்ட்மென்ட்ட நடத்துற உரிமைய ஒரு தடவ எழுதிக் குடுத்துட்டா அடுத்து வர்ற ஆட்சிக்கும் அது கைவசம் இருக்கும், எந்தக் கட்சியா இருந்தாலும்.

எதிர்க்கறதும் பணியறதும் தவிர வேற வழி இல்லையா?

சேந்து நிக்கிறது. 2025 அக்டோபர் 1ல ஒன்பது யுனிவர்சிட்டிக்கு ஒரு ஒப்பந்தம் அனுப்புனாங்க, கையெழுத்து போட்டா கிராண்ட்ல முன்னுரிமைன்னு. எம்ஐடி தலைவர் சாலி கார்ன்ப்ளூத் அக்டோபர் 10 அன்னிக்கு முதல் ஆளா முடியாதுன்னாங்க, ஆராய்ச்சிக் காசு தகுதி பாத்துத்தான் குடுக்கணும், அதுதான் எங்க அடிப்படைன்னு. ஒருத்தர் சொன்னதும் மத்தவங்களுக்கு தெம்பு வந்து, பத்து நாளுக்குள்ள பிரவுன், பென்சில்வேனியா, சதர்ன் கலிபோர்னியா, டார்ட்மவுத், வர்ஜீனியா, அரிசோனா எல்லாம் மறுத்துருச்சு. மார்ச்ல கொலம்பியா தனியா மாட்டுனப்போ இந்த மாதிரி யாரும் பக்கத்துல நிக்கல.

ஊர விட்டே போறதும் ஒரு வழி. ஹங்கேரில சென்ட்ரல் யூரோப்பியன் யுனிவர்சிட்டிய குறி வச்சு 2017ல ஒரு சட்டம் போட்டாங்க, அவங்க புடாபெஸ்ட்ல இருந்து வியன்னாவுக்கு மாறிட்டாங்க. அந்தச் சட்டம் தப்புன்னு ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது 2020ல. தீர்ப்பு வர்றப்போ கிளாஸ்ரூம் வேற நாட்டுல இருக்கு.

சத்தமில்லாம இருக்குறதுன்னு இன்னொண்ணு, அதுதான் அதிகம் நடக்குது. ஆராய்ச்சித் தலைப்புல இருக்குற ஒரு வார்த்தைய மாத்திடுறது, ஒரு செமினார தள்ளிப் போடுறது. யாரும் உத்தரவு போடல, ஆனா எல்லாரும் செய்வாங்க. எனக்கு இதுதான் ரொம்ப பயம், ஏன்னா இதுக்கு கேஸ் போட முடியாது.

கோர்ட்ல ஜெயிச்சுட்டா காசு வந்துரும்ல, அப்புறம் என்ன?

பையூர் ஆராய்ச்சி நிலையத்துல கொள்ளு, கேழ்வரகு ரகம் எடுக்குறாங்கல்ல, அங்க யாராவது தெரிஞ்சவங்க இருந்தா கேட்டுப் பாருங்க. மானாவாரி சோதனைன்னா மழை விழுந்த ஈரத்துல விதைக்கணும், ஒவ்வொரு பாத்திலயும் எத்தன முளைச்சுது, எப்ப பூ விட்டுச்சு, எத்தன காய்னு எழுதணும். ஜூலைல கூலி ஆளுக்கு காசு இல்லன்னு விட்டுட்டு அக்டோபர்ல காசு வந்தா அந்தப் பட்டம் திரும்பி வருமா? ஒரு ரகம் எடுக்க பல வருஷ கணக்கு தொடர்ச்சியா வேணும், நடுவுல ஒரு வருஷம் ஓட்டை விழுந்தா அந்த சங்கிலியே போச்சு.

லேபும் அப்படித்தான். வளத்த எலி செத்துரும், செல்லு செத்துரும், மருந்து சோதனைல இருக்குற நோயாளிக்கு பாதில நிப்பாட்டணும். வேல பாத்த ஆளும் வேற எங்கயோ சேந்துருவாங்க. வெளிநாட்டு உதவி நிறுவனமான யுஎஸ்எய்ட் காச வெட்டுனப்போ ஜான்ஸ் ஹாப்கின்ஸ்க்கு 80 கோடி டாலருக்கு மேல போச்சு, 2,000 பேருக்கு மேல வேல போச்சு, அதுல பெரும்பகுதி வேற வேற நாடுகள்ல வேல பாத்தவங்க.

இதெல்லாம் புதுசா, முன்னாடியும் நடந்திருக்கா?

நடந்திருக்கு. 1949ல கலிபோர்னியா யுனிவர்சிட்டில எல்லா வாத்தியாரும் நான் கம்யூனிஸ்ட் இல்லன்னு சத்தியம் எழுதிக் குடுக்கணும்னாங்க, மறுத்த 31 பேர 1950ல வேலைய விட்டு எடுத்தாங்க. 1952ல கோர்ட் திருப்பி சேக்கச் சொல்லுச்சு.

அமெரிக்காவ விடுங்க சார், நம்ம ஊர்ல?

நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டமும் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்துக்கு கீழ வருது, அதனால நம்ம பசங்க டிகிரில யாரு கையெழுத்து போடுறாங்கங்கறதே இந்த இழுபறில மாட்டுற விஷயம்தான். துணைவேந்தர நியமிக்கிறது கவர்னரா மாநில அரசாங்கிற சண்டைல சென்னைப் பல்கலைக்கழகத்துல 2023 ஆகஸ்ட்ல இருந்து அந்த நாற்காலி காலி ஆச்சு. 2025 ஏப்ரல் 8 சுப்ரீம் கோர்ட் தீர்ப்பால அந்த அதிகாரத்த மாநிலத்துக்கு குடுக்குற சட்டம் அமலுக்கு வந்துச்சு, மே 21ல ஹைகோர்ட் அந்தச் சட்டத்துக்கு தடை போட்டுச்சு. நடுவுல நின்னது மாணவர்கள்தான்.

காச வச்சு மிரட்டுறதும் இங்க உண்டு. 2025 ஜனவரில யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) ஒரு வரைவு விதி விட்டுச்சு, துணைவேந்தர் தேர்வு விதிய ஏத்துக்காத யுனிவர்சிட்டிய யுஜிசி திட்டத்துல இருந்தே எடுத்துருவோம், டிகிரி குடுக்குற அனுமதி கூட போகும்னு அதுலயே எழுதியிருந்துச்சு. தமிழ்நாடு சட்டசபை ஜனவரி 9 அன்னிக்கு அத எதிர்த்து தீர்மானம் போட்டுச்சு. ஸ்கூல் பக்கம் இன்னும் வெளிப்படையா நடந்துச்சு. மத்திய அரசோட பிஎம் ஸ்ரீ ஸ்கூல் திட்ட ஒப்பந்தத்துல கையெழுத்து போடல, புதிய கல்விக் கொள்கைய ஏத்துக்கலன்னு, ஸ்கூல்களுக்கு வர்ற சமக்ர சிக்ஷா திட்டக் காசு 2,152 கோடி ரூபாய மத்திய அரசு நிறுத்தி வச்சுது. மாநிலம் சுப்ரீம் கோர்ட்டுக்கு போச்சு. அந்தக் காசு வராததால, தனியார் ஸ்கூல்ல ஏழைப் பசங்களுக்கு இலவசமா குடுக்குற ஆர்டிஇ 25 சதவீத சீட்டுக்கு 2025ல எப்பவும் போல கோடைல அட்மிஷன் நடக்கல, அக்டோபர்லதான் நடந்துச்சு. பென்னாகரம் பக்கத்துல கூலி வேல பாக்குற ஒரு அம்மா ஜூன்ல கடன் வாங்கி பீஸ் கட்டி பையன சேத்துட்டு, அப்புறமா ரசீத எடுத்துட்டு என்கிட்ட வந்து இது திரும்பக் கிடைக்குமா சார்னு கேட்டாங்க, நாலா மடிச்சு பர்ஸ்ல வச்சு மடிப்பு கிழியற மாதிரி இருந்துச்சு அந்த ரசீது.

மாநில அரசாங்கத்த மட்டும் இதுல நல்லவங்கன்னு சொல்லவும் மாட்டேன். மாநிலப் பல்கலைக்கழகங்கள்ல நிரப்பாத இடம் எவ்வளவு, எங்கள மாதிரி வருஷா வருஷம் புதுப்பிக்கிற ஆளுங்கள வச்சு எத்தன டிபார்ட்மென்ட் ஓடுதுன்னு பாத்தா, மிரட்டாமலே பலவீனமாக்குற வேலயும் நடக்குதுன்னு தெரியும். நிரந்தர வேல இல்லாத வாத்தியார் யார எதிர்த்து என்ன பேசுவாரு?

பிரைவேட் யுனிவர்சிட்டின்னா இந்தத் தொல்லை இல்லல்ல?

இருக்கு, வேற வழியா வரும். ஹரியானாவுல அசோகா யுனிவர்சிட்டி தனியார் நன்கொடைய நம்பி உருவானது. 2021 மார்ச்ல அரசியல் அறிஞர் பிரதாப் பானு மேத்தா அங்கருந்து விலகுனப்போ, நான் இங்க இருக்குறது அரசியல் ரீதியா சுமையா பாக்கப்படலாம்னு எழுதிட்டுத்தான் போனாரு. ரெண்டு நாள்ல அங்க இருந்த பொருளாதார அறிஞர் அரவிந்த் சுப்ரமணியனும் விலகுனாரு. நன்கொடை குடுக்குறவங்களுக்கும் தொழில் இருக்கு, தொழிலுக்கு லைசென்ஸ் இருக்கு.

பையன் பிஎச்டி போறான், நிலத்து பத்திரத்த பேங்க்ல வைக்கலாமா வேண்டாமா?

பிஎச்டின்னா ஃபண்டிங் லெட்டர் இல்லாம போகவே கூடாது, அதுக்கு பத்திரம் வைக்க வேண்டிய அவசியமும் வரக் கூடாது. லெட்டர்ல எத்தன வருஷம்னு இருக்கா, ரிசர்ச் அசிஸ்டென்ட்டா டீச்சிங் அசிஸ்டென்ட்டான்னு பாருங்க. ரிசர்ச்சுன்னா கைடுகிட்ட நேரா மெயில் போட்டு எந்த கிராண்ட், எப்ப முடியுது, நின்னு போனா டிபார்ட்மென்ட் தாங்குமான்னு கேக்கச் சொல்லுங்க, கேக்குறது மரியாதக் குறைவு இல்ல, அங்க எல்லாரும் கேக்குறாங்க. 2025 மார்ச்ல மாசசூசெட்ஸ்ல யுமாஸ் சான் மெடிக்கல் ஸ்கூல் பிஎச்டிக்கு குடுத்த ஆஃபரையே திரும்ப வாங்கிருச்சு, அதனால ஒரே இடத்த நம்பாதீங்க, ஜெர்மனி மாதிரி இன்னொரு நாடும் லிஸ்ட்ல இருக்கட்டும். மாஸ்டர்ஸ்க்கு கிராண்ட் பிரச்சனை நேரா அடிக்காது, விசாதான் அடிக்கும். 2025 மே கடைசில இன்டர்வியூவ நிறுத்தி ஜூன் 18ல திறந்தாங்க, சோஷியல் மீடியா அக்கவுண்ட்ட பப்ளிக்ல வைக்கணும்ங்கற நிபந்தனையோட. இருக்குற ஒரே நிலத்த ஒரே விசாவ நம்பி வைக்கிறத நான் வேண்டாம்னுதான் சொல்லுவேன்.

நாங்க வெள்ளாமை பண்றவங்க, யுனிவர்சிட்டி சுதந்திரம்லாம் எங்களுக்கு எதுக்கு?

எங்க பெரியம்மா பல்லுல மஞ்சக் கறை, சிரிச்சா கைய வச்சு மறைச்சுக்குவாங்க. அம்பது வயசுலயே முழங்கால் மடக்க முடியல. ஊர்ல அத வம்சம்னாங்க, சாபம்னாங்க. நம்ம பாறைல இருக்குற ஃப்ளோரைடு போர் தண்ணில இறங்குதுன்னு சோதிச்சு எழுதுனது ஆராய்ச்சி பண்றவங்க, லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல போகக் கூடாதுங்கற அளவும் அப்படி வந்ததுதான். அந்தக் கணக்கு கைல இருந்ததாலதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே ஃப்ளோரைடு பேர சொல்லி வந்துச்சு, 2013ல தண்ணி திறந்தாங்க. உங்க ஊர் தண்ணி கெட்டுருக்குன்னு ஒருத்தர் எழுதுறது எந்த கவர்மென்ட்டுக்கும் புடிக்காது. எழுதுனா அடுத்த வருஷம் காசு வராதுன்னு அவர் பயந்திருந்தா, பெரியம்மா பேத்தியும் இன்னிக்கு கைய வச்சு மறைச்சுட்டுத்தான் சிரிச்சிருப்பா. அவ இப்ப பாலக்கோட்டுல ஒன்பதாவது படிக்கிறா, பல்லு வெள்ளையாத்தான் இருக்கு.